நம்ம தொகுதியில யாரு ஜெயிப்பாங்க? ஒத்தை தொகுதி கணிப்பு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்தா போதும், "அண்ணா நம்ம தொகுதி யாருக்கு?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். உதாரணத்துக்கு அதிகமா கோவை தெற்கை தான் எடுத்துருக்கேன், ஏன்னா ஒரு தொகுதிய கணிக்கறதுல என்னென்ன சிக்கல் வருமோ அத்தனையும் அந்த ஒரே தொகுதியில இருக்கு.

டிவி சர்வேல 234 தொகுதிக்கும் சொல்றாங்களே, அதுல நம்ம தொகுதிய மட்டும் பாத்துக்கிட்டா போதாதா?

போதாதுங்க. ஒரு சேனல் தமிழ்நாடு முழுக்க இருபதாயிரம் பேர் கிட்ட கேட்டோம்னு சொன்னா பிரமாதமா தான் தெரியும், ஆனா 234ஆல வகுத்துப் பாருங்க, தொகுதிக்கு 85 பேர். 85 பேர வெச்சு ஒரு தெருவ கூட சொல்ல முடியாது. அவங்க பண்றது என்னன்னா மாநிலம் முழுக்க ஒரு கட்சிக்கு போன தடவைய விட எத்தனை சதவீதம் ஏறுது இறங்குதுன்னு பாத்துட்டு அந்த ஏற்ற இறக்கத்த எல்லா தொகுதி மேலயும் ஒரே மாதிரி போட்டு விட்டுருவாங்க. இத ஸ்விங்னு சொல்வாங்க. மொத்த சீட் எண்ணிக்கைக்கு இது ஓரளவு ஒத்து வரும், ஏன்னா ஒரு இடத்துல அதிகமா போன தப்பு இன்னொரு இடத்துல கம்மியா போய் அடிச்சுக்கிட்டு சரியாயிடும். தனி தொகுதிக்கு அந்த வசதி கிடையாது.

2021 பாருங்க. திமுக கூட்டணி 159, அதிமுக கூட்டணி 75. மாநில அலைய அப்படியே கோவை மேல போட்டிருந்தா திமுகவுக்கு நாலஞ்சாவது வந்திருக்கணும், வந்தது பூஜ்யம். மாவட்டத்துல பத்துக்கு பத்தும் அதிமுக கூட்டணி.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

படிவம் 20. இது தெரியாம தொகுதி கணிப்பு பேசற ஆள நம்பாதீங்க. ஓட்டு எண்ணி முடிச்சதும் எந்த பூத்துல எந்த வேட்பாளருக்கு எத்தனைன்னு தேர்தல் அதிகாரி போடற கடைசி பட்டியல் அது, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி சைட்ல கிடைக்கும். ஒரு தொகுதிக்கு சுமாரா முந்நூறு பூத் பக்கம் இருக்கும். கடைசி ரெண்டு மூணு தேர்தலோட படிவம் 20ஐ எடுத்து எக்செல்ல போட்டா உங்க தொகுதியோட எக்ஸ்ரே கையில வந்துரும்.

ஆனா ஒரு தலைவலி. பூத் எண் தேர்தலுக்கு தேர்தல் மாறும். 2021ல கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு ஆயிரம் பேர் தான்னு பிரிச்சதுல துணை வாக்குச்சாவடி நிறைய முளைச்சுது, அதுக்கப்புறம் மறுபடி மாறுச்சு. அதனால 2016ல 112ன்னு இருந்தது 2021லயும் அதே 112ன்னு நெனச்சு கணக்கு போட்டா முழுக்க தப்பாயிடும். வாக்காளர் பட்டியல்ல பாகத்தோட முதல் பக்கத்துல தெரு பேரு இருக்கும், அத வெச்சு பொருத்தணும். எரிச்சல் புடிச்ச வேலை தான், வேற வழியில்ல. இதுக்கு மேல 2025 கடைசியில ஆரம்பிச்ச எஸ்.ஐ.ஆர்ல (வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம்) ஏகப்பட்ட பேர் நீக்கம் ஆச்சு, அதனால பழைய சதவீதத்தையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கும்போது கீழ இருக்கற எண்ணும் மாறியிருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்னு, இப்ப இருக்கற தொகுதி எல்லை 2008 மறுவரையறைல வந்தது. சட்டமன்றத்துக்கு 2011 தான் முதல் தேர்தல். அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் அதே பேர்ல இருந்தாலும் வேற தொகுதின்னு வெச்சுக்கோங்க.

கூட்டணி கட்சி ஓட்டையெல்லாம் கூட்டினா விடை வந்துரும்ல?

எல்லாரும் விழற குழி இது தான். கோவை தெற்குக்கு வாங்க.

2016ல அதிமுகவோட அம்மன் அர்ஜுனன் 59,788. காங்கிரஸோட மயூரா ஜெயக்குமார் 42,369. தனியா நின்ன பாஜக வானதி சீனிவாசன் 33,113. இப்ப 2021ல அதிமுகவும் பாஜகவும் ஒண்ணு சேந்து சீட்டு வானதிக்கு போகுது. கூட்டல் கணக்கு போட்டா 92,901. எதிர்ல காங்கிரஸ் 42 ஆயிரம். ஐம்பதாயிரம் ஓட்டு வித்தியாசம், வாக்கு எண்ணிக்கையே வேண்டாம் போலன்னு தோணும்.

நடந்தது என்ன? வானதி 53,209. மக்கள் நீதி மய்யம் சார்பா டார்ச்லைட் சின்னத்துல நின்ன கமல்ஹாசன் 51,481. மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் வெறும் 1,728.

காங்கிரஸ் எண்ணிக்கைய கவனிச்சீங்களா, அஞ்சு வருஷம் கழிச்சு பதினாலு ஓட்டு தான் கூட. இத பாத்துட்டு "அதே 42 ஆயிரம் பேர் மறுபடியும் கைக்கு போட்டாங்க"ன்னு முடிவு கட்டிராதீங்க. நடுவுல செத்தவங்க இருக்காங்க, வீடு மாறினவங்க, புதுசா பதினெட்டு வயசு ஆனவங்க, அங்கிருந்து இங்க வந்தவங்க, இங்கிருந்து டார்ச்லைட்டுக்கு போனவங்கன்னு எல்லாம் உள்ள கலந்து கடைசில கிட்டத்தட்ட அதே எண் வந்து நிக்குது. மொத்தம் மாறலைன்னா ஆளுங்க மாறலைன்னு அர்த்தம் இல்ல.

பெரிய சேதி அந்த 92,901 எப்படி 53 ஆயிரம் ஆச்சுங்கறது தான். கட்சி கூட்டணி சேந்தா தலைவருங்க சேருவாங்க, ஓட்டு அது பாட்டுக்கு யோசிச்சு தான் வரும். இலைக்கு போட்டு பழகின கை, மிஷின்ல இலையே இல்லாதப்ப எல்லாமே தாமரைய அமுக்கும்னு என்ன கட்டாயம்? அதுவும் பக்கத்துலயே சினிமாவுல பாத்து வளந்த முகம் ஒண்ணு நிக்கும்போது.

அப்ப அதை முன்கூட்டியே எப்படி கணிச்சிருக்கணும்?

கூட்டாம, "மாறுற விகிதம்" போட்டு பாத்திருக்கணும். பாஜகவோட பழைய 33,113ல 90 சதவீதம் தங்கும்னு வெச்சுக்குங்க, 29,800. அதிமுகவோட 59,788ல எவ்வளவு தாமரைக்கு வரும்? 80 சதவீதம் வந்தா மொத்தம் 77,600. 60 வந்தா 65,700. 40 தான் வந்துதுன்னா 53,700.

கடைசி எண்ணையும் நிஜ ரிசல்ட்டையும் பாருங்க. அதுக்காக நாப்பது சதவீதம் தான் வந்துச்சுன்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு நான் சொல்லல, வேற கலவைலயும் அதே எண் வரலாம். ஆனா மார்ச் மாசமே இந்த மூணு வரியும் எழுதி வெச்சிருந்தா, "வானதி ஈசியா ஜெயிப்பாங்க"ன்னு வாய் விட்டிருக்க மாட்டோம். விகிதம் எண்பதா நாப்பதான்னு தெரிஞ்சுக்க தான் தொகுதிக்குள்ள நடக்கணும். டவுன்ஹால் பக்கம் கடை வெச்சிருக்கற பழைய இலைக்காரர் கிட்ட "நீங்க யாருக்கு?"ன்னு கேட்காம "உங்க கட்சிக்காரங்க இந்த தடவ வேலை செய்யறாங்களா?"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு பொய் வரும், ரெண்டாவதுக்கு உண்மை கொட்டும்.

நானே ஒரு 400 பேர் கிட்ட கேட்டு சர்வே எடுத்தா?

எடுங்க, தப்பில்ல, ஆனா அது எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. 400 பேர்னா ஒரு கட்சியோட சதவீதம் அஞ்சு இப்படி அப்படி ஆடும். ரெண்டு கட்சிக்கு நடுவுல உள்ள வித்தியாசம் அத விட மோசமா ஆடும், கோவை தெற்கு மாதிரி மும்முனை போட்டியில எட்டு சதவீதம் வரை. அங்க நிஜ வித்தியாசம் ஒரு சதவீதம் சொச்சம் தான். அந்த அளவு வித்தியாசத்த சர்வேல பிடிக்கணும்னா இருபதாயிரம் பேர் கிட்ட கேட்கணும், அத்தன பேரும் உண்மைய சொல்லணும். மொத்தம் ஓட்டு போட்டதே ஒன்றரை லட்சம் சொச்சம் பேர்ங்க!

தொகுதி சின்னது தானே, கம்மி பேர் போதாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. போதாது. தமிழ்நாட்டுக்கே கேட்டாலும் ஒரு தொகுதிக்கு கேட்டாலும் அதே துல்லியத்துக்கு கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வேணும். சாம்பார்ல உப்பு பாக்க சட்டி பெருசா சின்னதான்னு பாக்கறதில்ல, நல்லா கலக்கிட்டு ஒரு கரண்டி எடுக்கறோம், அவ்வளவு தான். அந்த கலக்கறது தான் முக்கியம். பஸ் ஸ்டாண்டுல நின்னு 400 பேர கேட்டா பாதி பேர் வேற தொகுதிக்காரங்க. சாயங்காலம் டீக்கடைல கேட்டா பொம்பளைங்களே இருக்க மாட்டாங்க. முப்பது பூத்த குலுக்கல்ல எடுத்து, பட்டியல்ல இருந்து வீட்ட தேர்ந்தெடுத்து, கதவு தட்டி, வீட்டம்மா கிட்ட தனியா கேளுங்க. மாமனார் பக்கத்துல உக்காந்திருந்தா வர்ற பதில் மாமனாரோட பதில்.

எம்.பி. தேர்தல் ரிசல்ட்ட வெச்சு எம்.எல்.ஏ. தேர்தல கணிக்கலாமா?

அடிப்படை தெரிஞ்சுக்க பாக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். 2019ல மக்களவைல 38 தொகுதி திமுக கூட்டணிக்கு. அதே சமயத்துல நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்ல அதிமுக 9 ஜெயிச்சு எடப்பாடி ஆட்சிய காப்பாத்திக்கிச்சு. கோவை மக்களவைத் தொகுதிய சிபிஎம்மோட பி.ஆர்.நடராஜன் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல எடுத்தாரு. அதுக்குள்ளயே இருக்கற சூலூருக்கு ஒரு மாசம் கழிச்சு இடைத்தேர்தல் நடந்தப்ப அதிமுக ஜெயிச்சுது. டெல்லிக்கு ஒண்ணு, கோட்டைக்கு ஒண்ணுன்னு நம்மாளு தெளிவா பிரிச்சு தான் போடறாரு.

சாதி கணக்கு?

பாக்கணும், ஆனா அது தான் எல்லாம்னு நம்பக்கூடாது. தொகுதி வாரியா அதிகாரப்பூர்வ எண்ணிக்கை எதுவும் கையில கிடையாது, சங்கத்துக்காரங்க ஆளாளுக்கு சொல்றத கூட்டிப் பாத்தா தொகுதி மக்கள்தொகைய தாண்டிப் போகும். அதோட எல்லா பெரிய கட்சியும் அதே பெரும்பான்மை சமூகத்துல இருந்து தான் வேட்பாளர் போடுது, அப்ப அந்த ஓட்டு பிரிஞ்சுரும், மிச்ச சமூகம் எந்த பக்கம் சாயுதுங்கறது தான் முடிவு பண்ணும். உபயோகமான கேள்வி இது ஒண்ணு தான்: சீட்டு கிடைக்காம கோவிச்சுக்கிட்டவர் யாரு, அவரு ஊர்ல எத்தன பூத்?

சுயேச்சைங்களை கணக்குல எடுக்கணுமா?

பேரை மட்டும் கண்டிப்பா பாருங்க. 2016 காட்டுமன்னார்கோயில்ல திருமாவளவன் 87 ஓட்டுல தோத்தாரு. அதே திருமாவளவன்ங்கற பேர்ல நின்ன ஒரு சுயேச்சைக்கு 289 ஓட்டு. 2024ல ராமநாதபுரத்துல ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழத்துல நின்னப்ப அவர சேத்து ஆறு பன்னீர்செல்வம். வேட்புமனு வாபஸ் தேதி முடிஞ்சு, இறுதிப் பட்டியலும் சின்னமும் வர்ற வரைக்கும் எந்த கணிப்பும் அரைகுறை தான்.

பணம் குடுத்தா ஜெயிச்சுரலாமா?

ரெண்டு பக்கமும் குடுக்கற எடத்துல ஒண்ண ஒண்ணு அடிச்சுரும், ஒரு பக்கம் மட்டும் குடுத்தா தான் வித்தியாசம் தெரியும். பணப்பட்டுவாடான்னு 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலையே தள்ளி வெச்சாங்க, 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர், 2019ல வேலூர். கணிக்கறவங்களுக்கு இதுல உள்ள சிக்கல், கடைசி ரெண்டு ராத்திரில நடக்கறத எந்த சர்வேயும் பிடிக்காது.

இடைத்தேர்தல்னா ஆளுங்கட்சி தானே, அதுல என்ன கணிப்பு?

பெரும்பாலும் ஆமா. ஈரோடு கிழக்கு பாருங்க, 2021 பொதுத்தேர்தல்ல காங்கிரஸ் 8,904ல ஜெயிச்ச தொகுதி. 2023 இடைத்தேர்தல்ல வித்தியாசம் 66,233. 2025ல அதிமுக, பாஜக ரெண்டும் நிக்கவே இல்ல, திமுக 91,558ல ஜெயிச்சுது. இத வெச்சு அங்க அலை வீசுதுன்னு எழுதினா சிரிப்பாங்க. அடுத்த பொதுத்தேர்தலுக்கு அடிப்படையா இடைத்தேர்தல் எண்ண எடுக்கவே எடுக்காதீங்க, முந்தின பொதுத்தேர்தலுக்கு போங்க.

விதிவிலக்கு ஆர்.கே.நகர், 2017 டிசம்பர். ஆளுங்கட்சி இரட்டை இலையோட நின்னுச்சு, பிரஷர் குக்கர்ல சுயேச்சையா நின்ன தினகரன் 40,707 வித்தியாசத்துல ஜெயிச்சாரு, திமுகவுக்கு டெபாசிட்டே போச்சு. ஆளுங்கட்சி ஓட்டே ரெண்டா உடைஞ்சு, எது அசல்னு மக்கள் முடிவு பண்ண வேண்டிய நெலமைல பழைய விதி எதுவும் செல்லாது.

வாக்குப்பதிவு சதவீதம் ஏறினா ஆளுங்கட்சிக்கு எதிரா?

2011ல 78 சதவீதம், ஆட்சி மாறுச்சு. 2016ல 74 சொச்சத்துக்கு எறங்குச்சு, ஆட்சி மாறல. ஆஹா விதி கெடச்சிருச்சுன்னு எல்லாரும் குதிச்சாங்க. 2021ல அத விட கொஞ்சம் எறங்குச்சு, ஆட்சி மாறிடுச்சு. போதுமா? மொத்த சதவீதத்துல ஒண்ணும் இல்ல. எந்த பூத்துல ஏறுச்சு எந்த பூத்துல எறங்குச்சுன்னு பாக்கறதுல விஷயம் இருக்கு, அதுக்கு 17சி படிவம் வேணும், ஒவ்வொரு பூத்துலயும் எத்தன ஓட்டு பதிவாச்சுங்கற கணக்கு அது. ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் பூத் ஏஜென்ட் கிட்ட குடுப்பாங்க, எந்த கட்சி ஏஜென்டயாவது பழக்கம் வெச்சுக்கிட்டா அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுரும்.

யூடியூப்ல தெருவுல மைக்க நீட்டி கேக்கறாங்களே?

பொழுதுபோக்கு. அடுத்த கேள்வி.

வாக்கு எண்ணிக்கை அன்னிக்கு எத்தனாவது ரவுண்டுல "முடிஞ்சுது"ன்னு சொல்லலாம்?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. வழக்கமா 14 மேஜை போடுவாங்க, அதனால ஒரு ரவுண்டுன்னா 14 பூத். முந்நூறு பூத்னா 22 ரவுண்டு. இதுல முக்கியமானது, மிஷின பூத் எண் வரிசைல தான் எடுப்பாங்க. அதாவது முதல் அஞ்சு ரவுண்டுங்கறது தொகுதியோட ஒரு மூலை, முழு தொகுதியோட சாம்பிள் கிடையாது. ஒரு பேட்டை ஒருத்தருக்கு கோட்டையா இருந்து அது வரிசைல முன்னாடி வந்தா, டிவில காலைல பத்து மணிக்கே பட்டாசு சத்தம் கேக்கும்.

கோவை தெற்குல அன்னிக்கு கமல் பல ரவுண்டு முன்னிலைல இருந்தாரு, கடைசி கட்டத்துல தான் வானதி தாண்டினாங்க. 2024ல தர்மபுரியில சௌமியா அன்புமணி ஆரம்ப ரவுண்டுகள்ல முன்னாடி இருந்து, கடைசில திமுகவோட ஆ.மணி 21,300ல ஜெயிச்சாரு.

அதனால முன்னிலைய பாக்காதீங்க. எண்ணி முடிச்ச அதே பூத்துகள்ல போன தடவ எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவுன்னு பாருங்க. முதல் ஆறு ரவுண்டுல ஒரு கட்சி 4,000 முன்னாடி இருக்கு, ஆனா போன தடவ அதே பூத்துகள்ல 7,000 முன்னாடி இருந்துட்டு கடைசில 1,000ல தான் ஜெயிச்சுதுன்னா, அந்த கட்சி இப்ப தோத்துட்டு இருக்கு, டிவிக்கு இன்னும் தெரியல. இதுக்கு தான் மொதல்லயே தெரு தெருவா பூத்த பொருத்தி வைங்கன்னு சொன்னேன்.

தபால் ஓட்டு கணக்குல வருமா?

எட்டு மணிக்கு முதல்ல எண்ண ஆரம்பிக்கறது அதைத்தான். பெரிய மார்ஜின்ல அது ஒண்ணும் பண்ணாது, சின்ன மார்ஜின்ல ஆளையே மாத்தும். 2016 ராதாபுரத்துல இன்பதுரை அப்பாவுவ 49 ஓட்டுல ஜெயிச்சாரு. தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாதுன்னு 203 தபால் ஓட்ட தள்ளுபடி பண்ணியிருந்தாங்க. கேஸ் ஓடி 2019ல தான் ஹைகோர்ட் அத எண்ணச் சொல்லி, கடைசி மூணு ரவுண்டயும் மறுபடி எண்ணச் சொல்லுச்சு, எண்ணினாங்க, ஆனா முடிவ வெளிய சொல்ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுருச்சு. 2021ல தி.நகர்ல வித்தியாசம் 137. இந்த மாதிரி தொகுதில "நான் சரியா கணிச்சேன்"னு யாராவது சொன்னா அவருக்கு அதிர்ஷ்டம்னு எடுத்துக்கோங்க. இங்கெல்லாம் நேர்மையான கணிப்பு "ஐம்பதுக்கு ஐம்பது" தான், அது சொல்றதுக்கு கூச்சப்பட வேண்டியதில்ல.

அப்ப கணிப்ப எப்படி எழுதறது? ஆளுக்கு பேரு சொல்லணும்ல?

பேரு சொல்லுங்க, கூடவே எத்தன சதவீத வாய்ப்புன்னும் சொல்லுங்க. "இவரு ஜெயிக்க பத்துல ஏழு வாய்ப்பு, வித்தியாசம் 3,000 பின்னாடில இருந்து 12,000 முன்னாடி வரை". இப்படி பத்து தொகுதிக்கு எழுதினா அதுல ஏழு ஒத்து வரணும். பத்தும் ஒத்து வந்துச்சுன்னா நீங்க ரொம்ப பயந்து பயந்து எழுதறீங்கன்னு அர்த்தம், அதுவும் சரியில்ல.

நான் எடுத்த சர்வேய வாட்ஸ்அப்ல போடலாமா?

தேதி பாத்து போடுங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126ஏ படி ஓட்டுப்பதிவு ஆரம்பிச்ச நேரத்துல இருந்து கடைசி கட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் வரைக்கும் எக்ஸிட் போல் எந்த வழியிலயும் வெளியிடக்கூடாது, மீறினா ரெண்டு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா அபராதம், ரெண்டுமே கூட. நம்ம ஊர்ல முடிஞ்சா போதாது, மொத்த அட்டவணையும் முடியணும். 2024ல நாம ஏப்ரல் 19லயே ஓட்டு போட்டுட்டோம், ஆனா எக்ஸிட் போல் வந்தது ஜூன் 1 சாயங்காலம் ஆறரைக்கு அப்புறம் தான். தேர்தலுக்கு முந்தின கருத்துக்கணிப்பையும் ஓட்டுப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரத்துல டிவி மாதிரியான ஊடகத்துல காட்டக்கூடாது. எழுதி ஒரு கவர்ல போட்டு ஒட்டி நண்பர் கிட்ட குடுத்து வைங்க, எண்ணிக்கை அன்னிக்கு பிரிச்சுக்கலாம்.

ரிசல்ட் வந்தப்புறம்?

புது படிவம் 20 வந்ததும் இறக்கி வெச்சுக்கோங்க. பல தொகுதிக்கு ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா தான் இருக்கும், காப்பி எடுக்க வராது, கையால தான் டைப் அடிக்கணும். ரெண்டு பேர் சேந்து ஒருத்தர் படிக்க ஒருத்தர் அடிச்சா சீக்கிரம் முடியும், ஒவ்வொரு பக்கத்தோட கூட்டுத்தொகையையும் சரி பாத்துட்டு அடுத்த பக்கம் போங்க.